மாசியில் பூக்கும் வேலூர் தோட்டம்: எதை விடுவது, எதைப் பிடுங்குவது, எதை நடுவது

வேலூர்ப் பக்கம் வீட்டில் பூச்செடி வைத்திருப்பவர்களுக்கு வருஷத்தில் நல்ல காலம் என்றால் தை பாதியிலிருந்து பங்குனி பாதி வரைக்கும்தான். காலையில் பனி இறங்கும், பகல் வெயில் இன்னும் கடிக்க ஆரம்பித்திருக்காது, ஐப்பசி கார்த்திகையில் பெய்த மழையின் ஈரம் ஒரு முழம் கீழே மண்ணில் மிச்சமிருக்கும். அதைத் தாண்டினால் சுற்றியிருக்கிற மலைப்பாறை எல்லாம் சூடேறி ராத்திரியிலும் அனல் அடிக்கும், அப்போது எந்தச் செடியை நட்டாலும் அதைக் காப்பாற்றுவதே வேலையாகிவிடும். ஆனால் நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது என்ன? பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்கிற கையோடு வாசல், கொல்லை எல்லாவற்றையும் செதுக்கி வழித்துவிட்டு, மார்ச் கடைசியில் நர்சரிக்குப் போய் ஓசூரிலிருந்து வந்த பூச்செடியை வாங்கி வருகிறார்கள். பூக்கத் தயாராக இருந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெயிலில் நிற்காததைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இந்த வருஷம் இதை மாற்றிப் பாருங்கள்.

முதல் வேலை, களைக்கொத்தைக் கீழே வைப்பது. மழையில் முளைத்த செடிகள்தான் மாசியில் பூக்கும், அவற்றை யாரும் விதைத்திருக்க மாட்டார்கள், மண்ணிலேயே விதை கிடந்திருக்கும். பிடுங்காமல் விட்டாலே பாதித் தோட்டம் தயார். கொல்லையைச் செதுக்க ஆள் கூப்பிடுகிறவர்கள் அதற்கு முதல் நாளே ஒரு சுற்று சுற்றி, விட வேண்டிய செடிகளுக்குப் பக்கத்தில் குச்சி நட்டு ஒரு கந்தல் துணியைக் கட்டிவிடுங்கள். வாயால் சொன்னால் போதாது, வேலை வேகத்தில் போய்விடும்.

எதற்குத் துணி கட்டுவது என்றால், முதலில் தும்பைக்கு. முட்டி உயரம்கூட வளராது, தண்டைத் தடவிப் பார்த்தால் சதுரமாக இருக்கும், இலை நீளமாக ஒடுங்கியிருக்கும், கசக்கினால் ஒரு காரமான பச்சை வாசனை வரும். கணுவுக்குக் கணு பச்சைப் பந்து போல ஒரு கொத்து, அதிலிருந்து வெள்ளைப் பூக்கள் நாலாபக்கமும் எட்டிப் பார்க்கும். ஒரு பூவைப் பிடுங்கிக் கிட்டத்தில் பாருங்கள்: மேல் உதடு சின்னதாக, மயிரோடு, உள்ளே மகரந்தத்தை மூடிக்கொண்டிருக்கும்; கீழ் உதடு அகலமாகத் தொங்கும், தேனீ வந்து உட்கார அதுதான் திண்ணை. அடியில் ஒரு துளி தேன் இருக்கும், நம் ஊர்ப் பிள்ளைகள் அதை உறிஞ்சித்தான் வளர்ந்தார்கள். மாசியில் சிவராத்திரி வரும்போது தும்பைப் பூவுக்குக் கடையில் அலைய வேண்டாம், நாலு செடி கொல்லையில் நின்றால் ஒரு தட்டு நிறையப் பறித்துவிடலாம். ஒரே ஒரு விஷயம், தும்பையைப் பெயர்த்து நடாதீர்கள். பெரும்பாலும் வாடிவிடும். எங்கே முளைத்ததோ அங்கேயே இருக்கட்டும்.

அடுத்தது வெட்டுக்காயப் பூண்டு, சிலர் கிணற்றடிப் பூண்டு என்பார்கள். தரையோடு படரும், இலையில் சொரசொரப்பு, நீளமான மெல்லிய காம்பின் நுனியில் ஒற்றைப் பூ. நடுவில் மஞ்சள், சுற்றி நாலைந்து வெளிறிய இதழ், ஒவ்வோர் இதழ் நுனியிலும் பல் பல்லாக வெட்டு இருக்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கேயே ஊறிப்போன செடி இது. தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் வேண்டாம், தேனீயும் சின்னச் சின்னப் பட்டாம்பூச்சிகளும் வெயில் ஏற ஏற இதன்மேல்தான் இருக்கும். ஆனால் கண்டபடி பரவும், அதனால் ஒரு மதில் ஓரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மற்ற இடத்தில் வந்தால் பிடுங்கலாம்.

வாசலுக்கு முன்னால் புல்தரை வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது பொடுதலை. ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தரையோடு ஒட்டிப் படர்ந்திருக்கும். கணுவுக்குக் கணு வேர் விடும் என்பதால் ஒரு சாண் கொடியை எடுத்து வந்து ஈர மண்ணில் அழுத்திவிட்டாலே பிடித்துக்கொள்ளும். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சின்ன உருண்டைப் பூ வரும். மிதித்தாலும் தாங்கும், உப்புத் தண்ணீரையும் தாங்கும். நம் ஊர் போர் தண்ணீருக்கு இதைவிடப் பொருத்தமான தரைச்செடி எனக்குத் தெரியவில்லை, காசு கொட்டிப் போடும் கொரியன் புல்லுக்கு இது எவ்வளவோ மேல். விஷ்ணுகிராந்தி இருந்தால் அதையும் விடுங்கள். சரளை மண்ணில் தரையோடு கிடக்கும் நீலப் பூ, காலையில் விரிந்து மதியத்துக்கு மேல் மூடிக்கொள்ளும், அதனால் சாயங்காலம் தேடினால் கிடைக்காது. மதில் ஓரத்துச் சிமெண்டு விரிசலில் வரும் நித்தியகல்யாணியை எடுக்கவே வேண்டாம், மாடும் ஆடும் தொடாது, வருஷம் முழுக்கப் பூக்கும்.

சரி, எதை விடக்கூடாது? பார்த்தீனியத்தை ஒரு செடிகூட விடக்கூடாது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. 1950களில் இந்தியாவில் கண்டறியப்பட்ட செடி, இன்றைக்குக் காலி மனை எங்கே இருந்தாலும் இதுதான் நிற்கிறது. தோலில் அரிப்பு, கண் எரிச்சல், இளைப்பு இருப்பவர்களுக்கு மூச்சுத் தொந்தரவு என்று எல்லாம் வரும். சின்னதாக இருக்கும்போது கேரட் இலை மாதிரி வெட்டு வெட்டாக, தரையில் தட்டையாக வட்டம் போட்டிருக்கும். அப்போதே எடுத்துவிட வேண்டும். வெள்ளை மிளகு சிதறியது போலப் பூ வந்த பிறகு பிடுங்கினால் விதையை நாமே தூவிவிடுவதுபோல ஆகும். முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் விட்டு மண்ணை இளக்கிவிட்டு, காலையில் கையுறை போட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேரோடு எடுங்கள். கையுறை இல்லை என்றால் பிளாஸ்டிக் கவரையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்ப வேண்டாம்.

நெருஞ்சிக்கு மஞ்சள் பூ அழகாகத்தான் இருக்கும், ஆனால் நடமாடும் இடத்தில் முள் காய் விழுந்தால் கால், சைக்கிள் டயர் இரண்டும் போச்சு. பிரமதண்டு பாலாற்றங்கரையிலும் ரோட்டோரத்திலும் இந்த மாசங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கும், பூ பட்டுத்துணி மாதிரி மெல்லியதாக இருக்கும், பார்த்தால் வீட்டுக்குக் கொண்டுவரத் தோன்றும். வேண்டாம். இலை முழுக்க முள், அதோடு கடுகு மாதிரி இருக்கும் விதையில் விஷம் உண்டு, கடுகோடு கலந்துவிட்டால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் நோய் வரும். அரளியும் விஷம்தான், ஆனால் அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. தண்ணீர் குறைவாகக் கேட்கும் செடி, வெட்டிய கிளையை ஆடு மாடு எட்டும் இடத்தில் போடாமலிருந்தால் போதும்.

காட்டுச்செடியை விட்டால் பாம்பு வரும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பயத்தைத் தள்ளிவிட வேண்டாம், அதற்கு ஏற்றபடி செய்யுங்கள். காட்டுப்பூ மூலையை வாசற்படியிலிருந்தும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்தும் தள்ளி வையுங்கள், முட்டிக்கு மேல் வளர்வதை வெட்டுங்கள், நடக்க ஒரு பாதையைச் சுத்தமாக வையுங்கள். முக்கியமாக வீடு கட்டிய மிச்சச் செங்கல், ஜல்லி, பழைய ஓடு, விறகுக் குவியல் இதெல்லாம் அங்கே இருக்கக்கூடாது. எலி குடியேறுவது அதில்தான், எலி இருந்தால்தான் பாம்பும் தேடி வரும்.

இனி ஆவாரை. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல ஆசை, ஏனென்றால் இந்த மண்ணுக்கு இது சொந்தக்காரச் செடி. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிலில் ஒரு காலத்தில் தோல் பதப்படுத்தியது ஆவாரம் பட்டையை வைத்துத்தான், சுற்று வட்டாரக் கரடுகளிலிருந்து வெட்டிக் கட்டுக் கட்டாக வரும். அப்புறம் வேறு பட்டையும் குரோம் ரசாயனமும் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இப்போது ஆவாரையைப் பொங்கல் சமயத்தில் மாட்டுக் கழுத்தில் பார்க்கிறோம், மற்றபடி கவனிப்பதில்லை. வீட்டில் ஒரு ஓரம் முழு வெயில் அடிக்கிற, எதை நட்டாலும் காய்ந்து போகிற இடம் இருக்கிறது அல்லவா, அங்கே நடுங்கள். ஆணிவேர்ச் செடி என்பதால் பிடுங்கி வந்து நட்டால் வராது, விதைதான் வழி. பழுப்பாகக் காய்ந்த காயைப் பறித்து விதையை எடுத்து, கொதிக்க வைத்து இறக்கிய தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். விதைத்தோல் கெட்டி, ஊறி உப்பிய விதைதான் முளைக்கும், உப்பாததை மறுபடி ஒருமுறை வெந்நீரில் போடலாம். நேராக நிலத்தில் ஓர் அங்குல ஆழத்துக்கும் குறைவாக, மூன்று நான்கு விதையாக ஊன்றி, முளைத்தபின் நன்றாக இருக்கும் ஒன்றை மட்டும் விடுங்கள். செடிக்குச் செடி நாலடி. முதல் கோடைக்கு மட்டும் வாரம் ஒருமுறை தண்ணீர் காட்டினால் போதும், அதற்குப் பிறகு அது உங்களைக் கேட்காது.

பூக்க ஆரம்பித்ததும் ஒரு நாள் காலையில் ஆவாரைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பெரிய கருவண்டு ஒன்று வந்து பூவை இறுகக் கட்டிக்கொண்டு, சிறகை விரிக்காமலே உடம்பை அதிர வைக்கும், "ர்ர்ர்" என்று சத்தம் கேட்கும். ஆவாரம்பூவில் மகரந்தப்பை நுனியில் சின்ன ஓட்டைதான் உண்டு, இப்படி அதிர்த்தால்தான் மகரந்தம் கொட்டும். வண்டின் அடிவயிறு மஞ்சளாகிவிடும். இலையில் பச்சைப் புழு இருந்தால் மருந்து அடிக்காதீர்கள், வெளிறிய நிறத்தில் கூட்டமாகப் பறக்குமே, அந்தப் பட்டாம்பூச்சியின் புழு அது. செடி தாங்கும். அதே மாதிரி எருக்கில் கறுப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டை போட்ட புழு இருந்தால் அது வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழு.

வீட்டுப் பூவில் மாசியின் கவனம் முழுக்கக் குண்டுமல்லிக்கு. மல்லிக்குக் கவாத்து நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பருக்குள் முடிந்திருக்க வேண்டும், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே எல்லாவற்றையும் வெட்டிவிடுவது. அப்படி வெட்டியவர்களுக்கு மார்ச்சில் மொட்டு வரும். வெட்டத் தவறியவர்கள் இப்போது மொட்டையடிக்காமல், காய்ந்த குச்சி, நோஞ்சான் குச்சி, உள்பக்கம் குறுக்கே போகும் கிளை இவற்றை மட்டும் எடுத்துவிட்டு, மற்ற கிளைகளின் நுனியில் ஒரு சாண் நறுக்குங்கள். பூ கொஞ்சம் தள்ளி வரும், அவ்வளவுதான். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி என்று கணக்கு வேறு, மூன்றையும் ஒரே நாளில் வெட்ட வேண்டாம். வெட்டியபின் செடியைச் சுற்றி ஒரு முழம் தள்ளி வட்டமாகக் கொத்தி, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பாண்டு போட்டு மண்ணை மூடித் தண்ணீர் விடுங்கள். பச்சைச் சாணியைப் போட்டால் வேர் வெந்துவிடும். அப்புறம் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கடலைப் புண்ணாக்குத் தண்ணீர்: ஒரு கைப்பிடிப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்ததைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து வேரில் ஊற்றலாம். நாற்றம் அடிக்கும், அதனால் சாயங்காலத்தில் ஊற்றுங்கள்.

மொட்டு ஊதா நிறமாக மாறி, சின்ன ஓட்டையோடு, இரண்டு மூன்று மொட்டு நூலால் ஒட்டிக்கொண்டிருந்தால் மொட்டுப்புழு. முதலில் அந்த மொட்டை எல்லாம் பறித்து நசுக்கிப் போடுங்கள், கீழே விழுந்ததையும் பொறுக்குங்கள், பிறகு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயோடு துளி சோப்புக் கரைசல் சேர்த்து வெயில் தணிந்ததும் தெளியுங்கள். இலைக்கு அடியில் பொடிப் பொடியாகச் சிவப்பாக நகர்ந்தால் சிலந்திப் பேன், வெயில் கூடக் கூட வரும். தண்ணீரை வேகமாக இலையின் அடிப்பக்கம் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மொட்டை விடியற்காலையில், சூரியன் ஏறுவதற்குள் பறியுங்கள். எங்கள் தெருவில் பூக்கட்டும் ஆயா ஒருத்தி மொட்டைக் கையில் உருட்டிப் பார்த்தே, "இது பொழுது ஏறிப் பறிச்சதுடா கண்ணு, நேரத்துல வாடிடும்" என்று சொல்லிவிடுவார், அது தப்பியதில்லை.

இப்போது தண்ணீர். வேலூர்த் தோட்டத்தில் செடி சாவதற்குப் பூச்சியைவிடப் பெரிய காரணம் போர் தண்ணீரின் உப்புதான் என்பது என் கருத்து. வாளி விளிம்பிலும் தொட்டி ஓரத்திலும் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் உங்கள் தண்ணீரும் அதுதான். மல்லி, ரோஜா இரண்டுக்கும் இது ஆகவே ஆகாது. இலை ஓரம் கருகும், அல்லது நரம்பு மட்டும் பச்சையாக நின்று மீதி இலை மஞ்சளாகும். மஞ்சளானால் இரும்புச்சத்து ஏறவில்லை என்று அர்த்தம், அன்னபேதி உப்பை லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து மாசம் ஒருமுறை இலையில் தெளித்தால் நிறம் திரும்பும். தினம் ஒரு சொம்பு ஊற்றுவதை நிறுத்துங்கள், அது உப்பை வேருக்குப் பக்கத்திலேயே சேர்த்து வைக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை, தொட்டியின் அடி ஓட்டை வழியாக வழிகிற அளவுக்கு ஊற்றுங்கள், உப்பு கரைந்து வெளியே போகும். அரிசி கழுவிய தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இரண்டையும் மல்லிக்கென்று ஒதுக்கி வையுங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாதே என்று பலர் செடிக்கு ஊற்றுகிறார்கள், அதில் உப்பு இன்னும் அதிகம். வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணை மூடி வைப்பது தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். வட ஆற்காட்டில் நமக்குக் குறைவில்லாமல் கிடைப்பது மல்லாட்டைத் தோல், அதாவது நிலக்கடலைத் தோல். மில் பக்கம் மூட்டையாகக் கிடைக்கும், வீட்டில் உரித்ததையும் சேர்க்கலாம். உப்புப் போட்டு அவித்த மல்லாட்டையின் தோல் மட்டும் வேண்டாம். செடியைச் சுற்றி மூன்று விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடம் விடுங்கள், இல்லையென்றால் கறையான் ஏறும். கரும்புச் சோகை, தென்னை மட்டைத் தும்பு, புங்க இலைச் சருகு எதுவானாலும் சரி. பங்குனியில் புங்கமரம் பழைய இலையைக் கொட்டிவிட்டுத் தளிரும் பூவுமாக நிற்கும், அடியில் கொட்டிக் கிடக்கும் பூவையும் சேர்த்தே பெருக்கிக் கொண்டுவந்து போடலாம். ஆனால் காட்டுப்பூ மூலையில் மூடாக்குப் போடாதீர்கள், அங்கே மண் வெறுமையாக இருந்தால்தான் விதை விழுந்து அடுத்த மழைக்கு முளைக்கும்.

சித்திரைக்கும் பூ வேண்டும் என்கிறவர்கள் மாசிக்குள் விதையுங்கள்: வாடாமல்லி, கோழிக்கொண்டை, ஜினியா, துலுக்கச் சாமந்தி. நாற்று நாலு வாரத்தில் பெயர்த்து நடும் அளவுக்கு வந்துவிடும், வெயில் முற்றும்போது வேர் இறங்கியிருக்கும். நாலிலும் வாடாமல்லிதான் வேலூர் வெயிலுக்கு நம்பகமானது. மொட்டை மாடிக்குப் பத்துமணிப்பூ, கிள்ளி ஊன்றினால் போதும். சங்குப்பூ விதையை ராத்திரி ஊறவைத்து வேலியோரம் ஊன்றிவிடுங்கள். தொட்டி மண்ணுக்குச் செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, உமி ஒரு பங்கு. பெட்டூனியா, டேலியா இதெல்லாம் இந்த மாசத்தில் நர்சரியில் கண்ணைப் பறிக்கும், வாங்காதீர்கள், மார்ச்சில் 37, 38 டிகிரி தொட்டதும் உட்கார்ந்துவிடும். ஆசை அடங்காவிட்டால் கார்த்திகையில் வாங்குங்கள். தொட்டிச் செடிகளுக்கு ஏப்ரலில் மதிய வெயில் படாமல் மேற்குப் பக்கம் பச்சை நிழல்வலை கட்டினால் மே மாதம் அக்னி நட்சத்திரத்தையும் தாண்டிவிடும். எது வரும் எது வராது என்று மண்ணை வைத்துக் கேட்க வேண்டும் என்றால் விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

வேப்பமரம் இருக்கிற வீட்டில் பங்குனி கடைசியில் ஒரு வேலை உண்டு. முதல் நாள் ராத்திரி மரத்தடியைக் கூட்டிப் பழைய வேட்டியையோ புடவையையோ விரித்துவிடுங்கள், காலையில் பூ கொட்டியிருக்கும். மண் படாத பூவாக அள்ளி, நிழலில் உலர்த்தி, சலித்துக் காம்பைப் புடைத்து எடுத்துவிட்டால் வருஷப் பிறப்புப் பச்சடிக்கும் ரசத்துக்கும் ஆகும். வெயிலில் காயவைத்தால் கறுத்துப்போகும்.

பங்குனி முடிவதற்குள் விதை சேர்த்துவிடுங்கள். தும்பையில் கணுவிலிருக்கும் பந்து பழுப்பாகக் காய்ந்ததும் அப்படியே கிள்ளிக் காகிதத்தின்மேல் தட்டினால் விதை விழும். சங்குப்பூக் காய் வெடிப்பதற்கு ஓரிரு நாள் முன்னால், நிறம் மாறியதும் பறிக்க வேண்டும். ஆவாரைக்கு அவசரமில்லை, காய் செடியிலேயே காயட்டும். எல்லாவற்றையும் இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, கொஞ்சம் அடுப்புச் சாம்பல் கலந்து, காகித உறையில் பெயர் எழுதி வையுங்கள். பாலித்தீன் கவரில் போட்டால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். எல்லா விதையையும் பறித்துவிடாமல் பாதியை மண்ணிலேயே உதிர விடுங்கள். உறையில் இருப்பதைப் புரட்டாசி கடைசியில், முதல் நல்ல மழைக்கு மறுநாள் மண்ணை லேசாகக் கீறித் தூவினால் போதும், மூட வேண்டியதில்லை, ஆவாரையையும் சங்குப்பூவையும் மட்டும் ஊன்றுங்கள்.